ஓசை ஆகாத அறை

கையில் அனல் ஏந்தி ஆடும் பெருமானின் தூக்கிய திருவடிக்கு வணக்கம். கேட்ட வரத்தை அவன் தந்த நாளில் அவனைப் பாடினேன். மறுத்த நாளிலும் அவனை விட்டுப் போக எனக்கு வேறு வாசல் தெரியவில்லை. அவன் மறுத்த நாட்களைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதி முடிக்க அவனே துணை.

இன்று ஆனித் திங்கள் உத்திரம். அம்பலவாணனுக்குத் திருமஞ்சனம் நடக்கும் நன்னாள். எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் அபிடேகம் கண்டு, நீறணிந்து, வீடு திரும்பி இந்தத் தாளை எடுத்தேன். மங்கல காரியத்தை அல்லவா நல்ல நாளில் தொடங்குவார்கள் என்று என் மனைவி சிவகாமி கேட்டாள். எங்கள் பிள்ளைக்கு வந்த நோய் பக்கத்து ஊர்களில் இன்னும் வருகிறது. அதைப் பேய்க்கோளாறு என்று வேப்பிலை அடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் பயந்து வண்டியைப் பாதி வழியில் திருப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே நடப்பது இன்னதென்று ஒருவர் எழுதி வைத்தால் அவர்களுக்கு உதவும் என்று எண்ணினேன். அதற்கு மேல் இதில் எனக்கு நம்பிக்கை எதுவும் இல்லை.

சொக்கலிங்கம் எங்களுக்கு ஒரே பிள்ளை. முன்னே பிறந்தவை தங்கவில்லை. அவன் ஒருவன்தான் தங்கினான். எங்கள் ஊர் எம். புதுப்பட்டிக்கு மேற்கே கரிசல் காட்டில் இருக்கிறது. பருத்தியும் கம்பும் விளையும் நிலம் உண்டு. மழை அடுத்தடுத்துப் பொய்த்தபோது அவன் பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போனான். எனக்கு அதில் சம்மதம் இல்லை. ஆனால் அதை அவனிடம் நேரில் சொல்லவில்லை. எங்கள் வீடுகளில் தோளுக்கு வளர்ந்த மகனோடு தகப்பன் முகம் பார்த்துப் பேசுவது அரிது. சிவகாமியிடம் சொன்னேன். அவள் அவனிடம் சொன்னாள். பதிலும் அவள் வழியாகவே திரும்பி வந்தது.

“மானம் பாத்த பூமிய நம்பி இன்னும் எம்புட்டு நாளைக்கு இருக்கதுன்னு கேக்கான். நீங்களே போய் பதில் சொல்லுங்க. எனக்குத் தபால்காரன் வேலை போதும்” என்றாள்.

நான் போகவில்லை. அவன் வேலைக்குப் போனான். கெட்டிக்காரன் என்று பெயரெடுத்துப் போர்மேனும் ஆனான்.

அந்தக் கம்பெனிகளில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வெடிமருந்து கலக்கும் அறைகளின் பக்கம் யாரும் செருப்போடு நடக்கக் கூடாது. செருப்படியில் இருக்கும் இரும்பாணி கல்லில் உரசி ஒரு பொறி கிளம்பினால், அங்கிருப்பவர்கள் அத்தனை பேரும் போவார்கள். ஆகவே வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நாள் முழுவதும் வெறுங்காலோடு வேலை பார்ப்பார்கள். அதை மீறுகிறவர்களைப் பிடித்து வெளியே அனுப்புவது போர்மேனான என் மகனின் பொறுப்பு. நானும் நெருப்புக்கு மட்டுமே அஞ்சினேன். மாலைப் பூசையில் பதிகம் பாடி முடித்ததும், ‘உன் கையிலுள்ள தீ என் பிள்ளை மேல் சிந்தாதிருக்கட்டும்’ என்று நாள் தவறாமல் வேண்டிக்கொள்வேன். அந்த வேண்டுதலைப் பெருமான் கேட்டான். நெருப்பு என் மகனைத் தொடவே இல்லை. சரக்கு ஏற்றும் முற்றத்தில், மாட்டுவண்டிகள் நின்று மண்ணும் சாணமும் குழம்பிக் கிடந்த இடத்தில், உடைந்த பெட்டிப் பலகை ஒன்றின் துருப்பிடித்த ஆணி அவன் உள்ளங்காலில் ஏறியது.

ஆணியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மிச்ச வேலையையும் பார்த்து முடித்துத்தான் வீட்டுக்கு வந்தான். அவன் மனைவி பார்வதி தலைப்பிரசவத்துக்காக ஆலங்குளத்துப் பக்கம் தன் தாய்வீட்டில் இருந்தாள். சிவகாமிதான் மஞ்சளும் நல்லெண்ணெயும் காய்ச்சி விட்டாள். புண் மேலே மூடிக்கொண்டது, நாங்களும் மறந்துவிட்டோம். சில நாள் கழித்துச் சோற்றை மெல்ல முடியவில்லை என்றான். கடைவாய்ப் பல் வலி என்று எண்ணிக் குழைய வடித்துக் கொடுத்தாள். மறுநாள் கழுத்து திரும்பவில்லை. பக்கத்து ஊர் வைத்தியர் ஒருவர் வந்து, அவன் தாடையைத் தொட்டுப் பார்த்ததும் எழுந்துவிட்டார். இது தனுர்வாதம், உடம்பை வில்லாக வளைக்கும், தன் பைக்குள் இதற்கு மருந்து இல்லை, பொழுது சாய்வதற்குள் விருதுநகர் கொண்டுபோய்ச் சேருங்கள் என்றார். தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று உடனே சொன்ன அந்த மனிதருக்கு நான் இன்றும் கடமைப்பட்டவன்.

பஸ்ஸில் அவனை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். அவன் குழந்தையாக இருந்தபோது தூக்கியதற்குப் பிறகு அப்போதுதான் அவன் உடம்பு என் மேல் பட்டது. சிவகாசி தாண்டியதும் குனிந்து முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு உயிர் வந்தது. பிள்ளை தெம்பாக இருக்கிறான் என்று சிவகாமியிடம் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரிடமும் அதையே சொன்னேன். அவர் சொக்கலிங்கத்தின் வயிற்றை அழுத்திப் பார்த்தார், பலகைபோல் இருந்தது. வாயைத் திறக்கச் சொன்னார், பற்கள் பிரியவில்லை. பிறகு காலைத் தூக்கி, உள்ளங்காலில் மிளகளவு கறுத்திருந்த தழும்பைப் பார்த்தார். “இது சிரிப்பில்லை, பெரியவரே. முகத்துத் தசையெல்லாம் இறுகி இழுக்குது. அதனால சிரிக்கிற மாதிரி தெரியுது” என்றார்.

அதற்குப் பிறகு அந்த முகம் அப்படியேதான் இருந்தது. வலியில் துடிக்கும்போதும் அந்தச் சிரிப்பு மாறவில்லை.

நோயின் தன்மையை டாக்டர் எனக்கு விளங்கச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ரணஜன்னி என்று ஆஸ்பத்திரியில் சொல்வார்கள். மண்ணிலும் சாணத்திலும் வாழும் ஒரு கிருமி, காற்றுப் புகாத ஆழமான குத்துப்புண்ணில் தங்கி ஒரு விஷத்தைச் சுரக்கிறது. அந்த விஷம் நரம்பின் வழியே முதுகுத்தண்டுக்கு ஏறுகிறது. அதன் பிறகு சின்ன ஓசை, சிறிய வெளிச்சம், ஒரு கை படுதல், இவற்றில் எது நேர்ந்தாலும் உடம்பிலுள்ள எல்லாத் தசைகளும் ஒரே சமயத்தில் இழுக்கும். பின்தலையும் குதிகாலும் மட்டும் படுக்கையில் ஊன்றியிருக்க, நடு உடம்பு வில்லாக மேலே எழும். மூச்சும் அப்போது நிற்கும். இழுப்பு விட்டால் பிழைத்தார், விடாவிட்டால் இல்லை. இத்தனை நடக்கும்போதும் நோயாளிக்கு நினைவு தப்புவதில்லை. எல்லாம் தெரிந்தபடியே கிடப்பார்.

குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கும் ஒரு மருந்து அதற்கு உண்டு. அது ஒத்துக்கொள்ளுமா என்று முதலில் முன்னங்கைத் தோலில் ஒரு துளி ஏற்றிப் பார்த்தார்கள். கையிருப்பில் இருந்தது போதாமல் மதுரைக்கு ஆள் அனுப்பி வரவழைத்தார்கள். அதற்கெல்லாம் ஆன செலவை என் மைத்துனர் வேலாயுதம் ஏற்றுக்கொண்டார். எவ்வளவு என்று அவர் சொல்லவும் இல்லை, கேட்கவும் விடவில்லை. ஆனால் அந்த மருந்து இரத்தத்தில் அலையும் விஷத்தை மட்டுமே பிடிக்கும். நரம்பைப் பற்றிவிட்ட விஷம் தானாக விட்டுப் போகும்வரை உயிரைக் காத்து வைத்திருக்க வேண்டும். அதற்கு ஓசை ஆகாது, வெளிச்சம் ஆகாது, தொடுதல் ஆகாது என்று டாக்டர் சொன்னார்.

தாழ்வாரத்தின் கடைசியில் ஒரு தனி அறை கொடுத்தார்கள். சன்னலுக்குக் கறுப்புக் கம்பளி தொங்கவிட்டார்கள். கதவுக் கீலுக்கு விளக்கெண்ணெய் இட்டார்கள். அங்கே பகலும் இரவும் ஒரே நிறம். ஞானம் என்ற நர்ஸ், நாசரேத்துப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண், அந்த அறைக்கு வரும்போது மட்டும் செருப்பை வெளியே விட்டுவிட்டு வருவாள். மூக்கின் வழியே இரப்பர்க் குழாய் இறக்கிக் கஞ்சி கொடுப்பாள். நெடியடிக்கும் மயக்கமருந்தை ஊசியில் ஏற்றித் தயாராக வைத்திருப்பாள். உடம்பு வளையத் தொடங்கினால் ஓடிவந்து செலுத்துவாள். அவள் ஓடும்போதும் ஓசை எழாது.

நான் பதிகம் பாடத்தான் வந்திருந்தேன். நோயுற்றவர் தலைமாட்டில் உட்கார்ந்து உரக்கப் பாடுவது எங்கள் குடும்பத்து வழக்கம். பலருக்கும் பாடியிருக்கிறேன், எழுந்து நடந்தவர்களும் உண்டு. அந்த அறையில் நான் வாயைத் திறக்கவே ஞானம் விடவில்லை. ஆகவே, கம்பளியின் ஓரத்தில் கசிந்த மங்கலில் அவன் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நின்று உதட்டை மட்டும் அசைத்துப் பாடினேன். அவனுக்குப் புரிகிறதா என்ற எண்ணமே எனக்கு இல்லை. சிறு வயதில் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனால் தூணில் சாய்ந்து தூங்கிவிடுவான். இது இவனுக்கு வராது என்று அப்போதே விட்டுவிட்டிருந்தேன்.

இரண்டொரு பாட்டு முடிந்த பிறகு ஒன்றைக் கவனித்தேன். ஒவ்வொரு பாட்டின் இறுதிச் சொல்லிலும் அவன் கண்ணை மூடித் திறந்தான். தற்செயல் என்று நினைத்து, ஒரு பாட்டைப் பாதியில் நிறுத்தினேன். அவன் கண் மூடவில்லை, காத்திருந்தது. மிச்சத்தை உதட்டால் சொல்லி முடித்ததும் மூடித் திறந்தது. தூணில் சாய்ந்து தூங்கிய பிள்ளை எல்லாவற்றையும் மனத்தில் வைத்திருந்தான். என் உதட்டைப் பார்த்தே என்னோடு பாடிக்கொண்டிருந்தான்.

அதன் பிறகு எங்களுக்குள் பேச ஒரு வழி பிறந்தது. கண்ணை மூடினால் ஆமாம். வலக்கை விரலைத் தூக்கினால் வேண்டாம். பற்களுக்கிடையே ஒன்றிரண்டு சொற்களைக் காற்றாக வெளியே விடவும் அப்போது அவனால் முடிந்தது. கடந்த பல ஆண்டுகளில் பேசாததை எல்லாம் அந்த நாட்களில் நாங்கள் கண்ணாலும் விரலாலும் பேசினோம். சிவகாமி நடுவில் இல்லை.

மைத்துனர் வேலாயுதம் விருதுநகர் மிளகாய் மண்டியில் இருப்பவர். பெரிய குரல், பெரிய மனம். முதல் நாள் மண்டியிலிருந்து நேரே ஓடிவந்தார். அவருடைய சட்டையிலும் துண்டிலும் மிளகாய் நெடி. தாழ்வாரத்தில் அவர் ஒரு தும்மல் போட்டார். அந்த ஒரு தும்மலுக்கு உள்ளே கட்டில் நொறுங்குவதுபோல் சொக்கலிங்கத்தின் உடம்பு எழும்பி வளைந்தது. முகம் நீலம் பூத்தது. ஞானம் ஊசியைச் செலுத்தி, அவன் மூச்சு திரும்பும்வரை நாங்கள் யாரும் மூச்சு விடவில்லை.

வேலாயுதம் அன்று கிணற்றடியில் உட்கார்ந்து அழுதார். மறுநாள் முதல் மண்டியை விட்டுக் கிளம்பும்போதே குளித்து, துவைத்த வேட்டி கட்டிக்கொண்டுதான் வருவார். வந்தும் உள்ளே நுழைவதில்லை. ஆஸ்பத்திரி ஓரத்துச் சாலையில் நின்றுகொண்டு, மிளகாயும் பருப்பும் ஏற்றி வரும் வண்டிக்காரர்களை மறித்து, மாட்டுக் கழுத்து மணியின் நாக்கில் துணி சுற்றிப் போகச் சொன்னார். அவர்களும் மறுக்கவில்லை. “உள்ள இருக்கது யாரு, கவர்னரா?” என்று ஒருவன் கேட்டானாம். “இல்லப்பா, எங்க அக்கா மகன்” என்றாராம். அவன் இறங்கித் தன் தலைத்துண்டையே கிழித்து மணிக்குச் சுற்றிவிட்டுப் போனானாம்.

அந்த நிலையில்தான் பார்வதிக்குப் பெண்குழந்தை பிறந்தது. தலைச்சன் பிறந்த செய்தியைக் கற்கண்டு கொடுத்துச் சொல்வது வழக்கம். வாய் திறக்க முடியாதவனுக்குக் கற்கண்டு எதற்கு? மகிழ்ச்சி தாங்காமலும் உடம்பு இழுக்கக் கூடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். ஊசி மருந்தின் தளர்ச்சியில் அவன் கிடந்த ஒரு நேரம் பார்த்து, காதருகே குனிந்து, “பொண்ணு பொறந்திருக்கு. ரெண்டு பேரும் சொகம்” என்று காற்றில் சொன்னேன்.

பற்களுக்கிடையே கேட்டான்: “யாரு சாடை?”

நான் அந்தக் குழந்தையைப் பார்த்திருக்கவில்லை. “உன் சாடைதான்” என்றேன்.

“பாக்கணும், அய்யா” என்றான். தனக்கு வேண்டும் என்று என்னிடம் நேராக அவன் கேட்டது, எனக்கு நினைவு தெரிய, அந்த ஒன்றுதான்.

டாக்டரிடம் போய்க் கேட்டேன். பச்சைக் குழந்தையை அழாமல் இருக்கச் சொல்ல யாராலும் முடியாது. இந்த நிலையில் ஒரு வீறல் போதும், மூச்சு நின்றுவிடும் என்றார். இன்னும் கொஞ்ச நாள் தாண்டிவிட்டால் இழுப்பு தளரத் தொடங்கும், அப்போது பார்க்கலாம் என்றும் சொன்னார். அந்தக் ‘கொஞ்ச நாள்’ என்ற சொல்லை நான் பற்றிக்கொண்டேன். மகனிடம் வந்து, “தேறின பெறகு பாரு” என்றேன். அவன் கண்ணை மூடவில்லை; விரலையும் தூக்கவில்லை.

பார்வதியிடம் நாங்கள் முழுவதும் சொல்லியிருக்கவில்லை. யார் மூலமோ அவள் காதுக்கு எட்டிவிட்டது. தீட்டுக் கழியுமுன்னே, தாய் தடுத்தும் கேளாமல், பச்சை உடம்போடு குழந்தையை மார்பில் கட்டிக்கொண்டு வண்டியில் வந்து இறங்கினாள். முற்றத்துப் புங்கமரத்தடியில் அவளை நிறுத்தி நிலைமையைச் சொன்னேன். அவள் தூணைப்போல் நின்று கேட்டாள்.

“மாமா, அவுக பிள்ளையப் பாக்கணும்னு கேட்டாகளா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க.”

“கேட்டான் தாயி.”

“பெறகு நீங்க மறுக்க என்ன இருக்கு?”

“அவன் உசுரு இருக்கு. நான் அவனைப் பெத்த அப்பன், தாயி.”

“அவுக இதப் பெத்த அப்பன், மாமா.”

ஆனாலும் விடவில்லை. வாசலை மறித்துக்கொண்டு நின்றேன் என்றே சொல்ல வேண்டும். அவள் என்னைத் தாண்டி வர முயலவில்லை. மரத்தடிக்கு அப்பால் நோயாளிகளின் உறவினர் சமைத்துக்கொள்ளும் கொட்டகையில் தங்கினாள். குழந்தை சிணுங்கத் தொடங்கியதும் வாரியெடுத்துக்கொண்டு மதில் ஓரத்துக்கு ஓடுவாள். பிரசவித்த உடம்பு அப்படி ஓடுவதைச் சிவகாமியால் பார்க்க முடியவில்லை. தானே குழந்தையை வாங்கிக்கொண்டு ஓடினாள். தன் பேத்தியின் குரலை மகன் காதுக்கு எட்டாமல் தூரக் கொண்டுபோவதே அவளுக்கு வேலையாயிற்று.

ஒருமுறை எல்லோரும் அயர்ந்திருந்தபோது குழந்தை வீறிட்டுவிட்டது. தாழ்வாரம் கடந்து, கம்பளி கடந்து, மெல்லிய இழையாக அந்தக் குரல் அறைக்குள் வந்தது. சொக்கலிங்கத்தின் கண்கள் சன்னல் பக்கம் திரும்பின. உடனே உடம்பு வளைந்தது. முன்னைக் காட்டிலும் நெடுநேரம் வளைந்து நின்றது. அது தணிந்த பிறகும் கண்கள் சன்னலை விட்டுத் திரும்பவில்லை. அவள் அங்கே இருப்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. அதன் பிறகு நான் உதட்டால் பாடினால் அவன் பார்வை என் மேல் தங்குவதில்லை.

நோய் தளரவில்லை. தொண்டைத் தசையும் இறுகியது. டாக்டர் கழுத்தில் ஒரு துளையிட்டு, அதில் வெள்ளிக் குழாய் பொருத்தினார். மூச்சு அதன் வழியே சீறிப் போய்வந்தது. அதோடு பற்களுக்கிடையே வந்துகொண்டிருந்த சொற்களும் நின்றன. காய்ச்சல் ஏறியது. ஞானம் ஈரத்துணி போட்டுப் பார்த்தாள். துணி காய்ந்துகொண்டே இருந்தது. அவள் தன் மதத்து ஜெபத்தை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். எதிர்ப்பக்கம் நின்று நான் என்னுடையதைச் சொன்னேன். இரண்டுக்கும் ஓசை இல்லை.

ஒரு காலையில் டாக்டர் என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்தார். அவர் நல்ல மனிதர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். “பெரியவரே, குழந்தையைக் கொண்டுபோய்க் காட்டுங்க” என்றார்.

அழக் கூடுமே என்றேன். அவர் என் தோளைத் தொட்டார். இத்தனை நாள் விலக்கி வைத்திருந்ததை ஒருவர் திடீரென்று அனுமதித்தால் அதற்குப் பொருள் என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொள்ள மாட்டேன் என்று நின்றேன். குழந்தை அழாமலே இருந்துவிட்டால் அவன் பார்ப்பான், பார்த்தால் தெம்பு வரும், தெம்பு வந்தால் இந்த நாளும் தாண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஞானம்தான் வழி சொன்னாள். பார்வதி தாழ்வாரத்தில் உட்கார்ந்து வயிறு நிறையப் பால் கொடுத்தாள். குழந்தை உறங்கியதும் என் கையில் வாங்கினேன். தீட்டு, நியமம் எதுவும் அப்போது என் நினைவில் இல்லை. அதுவரை குழந்தையை விட்டு விலகியே நின்றவன், முதல்முறையாக அந்த முகத்தைப் பார்த்தேன். அவன் சாடை இல்லை. பார்வதியையே உரித்து வைத்ததுபோல் இருந்தது. பாதத்தை அழுத்தாமல் நடந்து உள்ளே போனேன். பார்வதி பின்னால் வந்தாள். கணவன் முகத்தில் உறைந்திருந்த அந்தச் சிரிப்பைக் கண்டு சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

கட்டில் அருகே குழந்தையை ஏந்திப் பிடித்தேன். ஞானம் சன்னல் கம்பளியின் ஓரத்தை மெல்ல விலக்கினாள். ஒரு கோடு வெயில் உள்ளே விழுந்து, குழந்தையின் நெற்றியிலும் மூக்கிலும் நின்றது. சொக்கலிங்கம் பார்த்தான். இமைக்கவே இல்லை.

வெயில் பட்டதால் குழந்தை முகத்தைச் சுளித்தது. வாய் கோணியது. நான் திரும்புவதற்குள் வீறிட்டு அழத் தொடங்கிவிட்டது.

அந்த அறைக்குள் அதுவரை அப்படி ஒரு ஓசை எழுந்ததில்லை. அவன் உடம்பு வளையப் போவதைப் பார்த்தபடி நின்றேன். வளையவில்லை. குழந்தை மறுபடி வீறிட்டது. அவன் உடம்பு படுக்கையிலேயே கிடந்தது. இழுப்பு விட்டுவிட்டது, பெருமான் இரங்கிவிட்டான் என்று என் நெஞ்சு துள்ளியது. சிரித்த முகமாக ஞானத்தைப் பார்த்தேன். எப்போதும் ஊசியோடு ஓடிவரும் அந்தப் பெண் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. ஊசி மேசைமேலேயே இருந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அப்போதுதான் தெரிந்தது. நோய் தளரவில்லை. வளைவதற்கும் வலுவில்லாத நிலைக்கு என் பிள்ளையின் உடம்பு போய்விட்டிருந்தது.

பார்வதி பதறிக் குழந்தையை வாங்கி மார்போடு அணைத்து அமர்த்தப் பார்த்தாள். சொக்கலிங்கத்தின் வலக்கை விரல் உயர்ந்தது. என்ன வேண்டாம் என்கிறான் என்று அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

“அமர்த்தாத தாயி. அழட்டும். அவன் கேக்கான்” என்றேன்.

அவள் குழந்தையை அவன் தலைமாட்டருகே பிடித்துக்கொண்டாள். அது தனக்கு வேண்டிய மட்டும் அழுதது. கையையும் காலையும் உதைத்துக்கொண்டு, முகம் சிவந்து, தொண்டை திறந்து அழுதது. ஞானம் கம்பளியை முழுவதும் விலக்கினாள். அவன் கண்ணோரத்திலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. அவன் கண்ணை மூடினான், ஆமாம் என்றான். பிறகு திறந்தான். அன்று விளக்கேற்றும் வேளைக்கு முன்னே அவன் போய்விட்டான்.

“இனி நீங்க பேசலாம், பெரியவரே” என்று டாக்டர் சொன்னார். சிவகாமியும் பார்வதியும் கதறினார்கள். தலைமாட்டில் உட்கார்ந்து பாட வேண்டியது என் கடமை. வாயைத் திறந்தேன். உதடுகள் சொற்களைச் சரியாகச் சொல்லின; குரல் வரவில்லை. தொண்டைக்கு ஒரு கேடும் இல்லை என்று பிறகு டாக்டர் பார்த்துச் சொன்னார். ஊருக்கு வந்த பிறகு மற்றப் பேச்செல்லாம் முன்போல் வந்தது. பதிகம் மட்டும் வரவில்லை. இப்போதும் மாலைப் பூசையில் உதட்டைத்தான் அசைக்கிறேன். ஒவ்வொரு பாட்டின் கடைசிச் சொல்லிலும் நிறுத்திக் காத்திருக்கிறேன். அங்கே மூடித் திறக்கும் கண் இல்லை. அம்பலவாணன் கேட்கிறானா என்று நான் ஆராய்வதில்லை. ஆறுதல் கிடைத்ததா என்று கேட்பவர்களிடம், இல்லை என்று சொல்லிவிடுகிறேன்.

பேத்தி எங்களோடு வளர்கிறாள். உரத்த குரல் அவளுக்கு. அவள் அழுதால் இந்த வீட்டில் யாரும் அதட்டுவதில்லை. என் மகன் எப்படிப் பேசுவான் என்று அவள் கேட்கும் நாள் வரும். அவன் என்னிடம் நேராகப் பேசிய சொற்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும், அவற்றைச் சொல்வேன்.

காலில் ஆணி ஏறியவர்கள் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். புண் மூடிக்கொண்டதை நம்பாதீர்கள். இதைப் படிக்கும் நீங்கள் எல்லோரும், எந்தத் தெய்வத்தை வணங்குகிறவராயினும், நலமாக வாழ்க. உங்கள் பிள்ளைகள் உங்கள் முகம் பார்த்துப் பேசுக. அவர்களின் சத்தத்தால் உங்கள் வீடு நிறைக. உங்கள் நாள் முடியும்போது அவர்கள் உங்கள் தலைமாட்டில் இருக்கட்டும். அந்த முறை உங்கள் வீட்டில் ஒருநாளும் மாறாதிருக்கட்டும்.